படிவம் பதினான்கு, பதிப்பு நான்கு

அந்த மருத்துவமனையில் குக்கர் அக்காவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இல்லை. நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. அடித்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த நீள அறை அவளுடையது. அறுவை அரங்கில் வேலை முடித்த கத்தரிகளும் இடுக்கிகளும் ஒரு கதவு வழியாக அழுக்காக உள்ளே வரும். கழுவி, துடைத்து, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் போய்ச் சுடச்சுட இறங்கி, இன்னொரு கதவு வழியாகச் சுத்தமாக வெளியே போகும். இருபத்தாறு வருடங்களாக அந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில்தான் அவள் இருந்தாள்.

இயந்திரங்கள் இரண்டு. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. வீட்டில் குக்கர் செய்கிற வேலையைத்தான் அவையும் செய்கின்றன என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பயிற்சிக்கு வந்த டாக்டர் ஒருவர் எப்போதோ எட்டிப் பார்த்து, "அக்கா, எத்தனை விசில் விடுவீங்க?" என்று கேட்டாராம். அவர் தேர்ச்சி பெற்று, வேறு ஊருக்குப் போய், தலையும் நரைத்திருக்கும். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஒரு தடவை அடுக்கி வேக வைப்பதை அந்த அறையில் எல்லோரும் 'ஈடு' என்றுதான் சொல்வார்கள். பெரியதில் நாளுக்கு ஐந்து ஈடு. சின்னதில் மத்தியானம் ஒரே ஒரு ஈடு.

எரிச்சல் அவளுக்குக் கூடப் பிறந்தது. கல்யாணமான புதிதில் அவள் கணவர் அதைக் கோபம் என்று நினைத்து மிரண்டிருக்கிறார். பிறகுதான் விளங்கியது: கோபம் வந்தால் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். வாய் ஓடிக்கொண்டிருந்தால் வெறும் எரிச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டினால் குழாயிடம் பேசுவாள். முனை வளைந்து வந்த இடுக்கியைத் தூக்கிப் பிடித்து, "உன்னை வெச்சு என்ன ஆணியா புடுங்கினாங்க?" என்று விசாரிப்பாள். கூட வேலை பார்த்த வண்டிக்கார அண்ணனுக்கு இதெல்லாம் காதில் விழாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. தட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி மாடிமாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. வயதில் அவளைவிட இரண்டு வருடம் மூத்தவர். அந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் மூச்சு வாங்கும் என்று தெரிந்தவர்.

எரிச்சல்படுகிறவள் என்றாலும் அவள் கை மட்டும் பொறுமையானது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டே எந்த இடுக்கியின் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். ஒவ்வொரு தட்டுக்கும் எண் உண்டு. எந்தத் தட்டு எந்த ஈட்டில் வெந்தது, எந்த மாடிக்குப் போனது என்று பச்சை அட்டை போட்ட பேரேட்டில் அவள் கையெழுத்தில் இருக்கும். தினமும் சின்ன இயந்திரத்தில் ஒரு சோதனைக் குப்பியும் வைப்பாள். சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி. உள்ளே லேசில் சாகாத கிருமிகளை அடைத்திருப்பார்கள். தட்டுகளோடு அதுவும் வேகும். பிறகு இளஞ்சூட்டில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஊதா நிறமாகவே இருந்தால் கிருமி செத்தது, தட்டுகளும் சுத்தம். மஞ்சளாக மாறினால் கிருமி உயிரோடிருக்கிறது. வாரத்துக்கு ஒரு குப்பி போதும் என்றுதான் விதிப்புத்தகத்தில் போட்டிருந்தது. "வாரத்துல ஒரு நாள்தான் ஆபரேஷன் பண்றாங்களா?" என்பது அவள் கேள்வி.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தரப் பிரிவு என்று ஒன்று முளைத்தது. மருத்துவமனைக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. அதற்காக வந்த தர அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தவர். எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் அட்டையைப் பார்த்து டிக் அடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வந்த பத்தாவது நாளே அவர் 'செக்லிஸ்ட் சார்' ஆகிவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கிவிட்டு, தப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்வார்.

முதல் கூட்டத்திலேயே, "இனிமே நோயாளின்னு சொல்லக் கூடாது. வாடிக்கையாளர். உங்க வாடிக்கையாளர் யாருன்னு ஒவ்வொருத்தரும் யோசிங்க" என்றார்.

"எனக்குக் கத்தரிக்கோல்தான் சார் வாடிக்கையாளர். இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல" என்றாள் குக்கர் அக்கா.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, எதையோ டிக் அடித்துக்கொண்டார்.

அதன் பிறகு காகிதம் வந்துகொண்டே இருந்தது. கை கழுவியதற்கு ஒரு தாள், கை கழுவியதைப் பார்த்ததற்கு ஒரு தாள். ஓடாத காற்றாடிக்குப் பக்கத்தில் 'தரமே நம் சுவாசம்' என்று ஒரு பலகையை ஆணி அடித்து மாட்டினார்கள். மாடி வராந்தாவில் 'பிழையற்ற பிரிவு' என்று இன்னொரு பலகை. மாதக் கடைசியில், பிழை அறிக்கை எதுவும் தராத பிரிவுகளுக்குப் பச்சை வட்டம். அறிக்கை தந்த பிரிவுக்குச் சிவப்பு. மற்றப் பதினெட்டுப் பிரிவுகளும் வரிசையாகப் பச்சை. குக்கர் அக்காவின் பிரிவு மட்டும் பதினோரு மாதங்களாகச் சிவப்பு. நடந்ததை எழுதுங்கள் என்று படிவம் கொடுத்திருந்தார்கள். அவளும் நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதச் சொன்னது எழுதுவதற்காக அல்ல என்பது மற்றவர்களுக்கு எப்படி முதல் மாதமே தெரிந்தது என்பது அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வந்ததும் வழக்கம்போல முதலில் குப்பியைத்தான் பார்த்தாள். மஞ்சள்.

விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். எலுமிச்சை போல, சந்தேகத்துக்கே இடமில்லாத மஞ்சள். நேற்று மத்தியானம் சின்ன இயந்திரத்தில் வெந்த ஈடு வேகவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் வண்டிக்கார அண்ணன் வண்டியை விட்டுவிட்டு வந்தார்.

"என்னக்கா?"

வயதில் சின்னவளானாலும் அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்; அந்தக் கட்டடத்தில் அது உறவு இல்லை, பதவி.

பேரேட்டைப் பிரித்தாள். பதினாறு தட்டுகள். எட்டு இரண்டாவது மாடி அலமாரியில். நான்கு அவசரப் பிரிவில். மூன்று பிரசவ அறையில். ஒன்று, இன்று காலை முதல் அறுவைக்காக, முதல் அரங்கில்.

"நீங்க வண்டியை எடுத்துட்டு இந்தப் பதினஞ்சையும் புடுங்கிட்டு வாங்க. யார் என்ன கேட்டாலும் நின்னு பேசாதீங்க. நான் மேல போறேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடி ஏறினாள். ஐம்பத்துநான்கு வயது முழங்கால் இரண்டாவது மாடியிலேயே முறையிட்டது. அரங்கின் கதவைத் தள்ளியபோது மேசையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் படுத்திருந்தார். குடலிறக்க அறுவை. மயக்க ஊசி இன்னும் போடவில்லை. பெரிய டாக்டர் கை கழுவி, விரல்களை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். நர்ஸ் தட்டின் முதல் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தட்டை மூடும்மா! தொடாத!"

"யார் இவங்களை உள்ள விட்டது?" என்றார் பெரிய டாக்டர்.

"நானேதான் சார் வந்தேன். இந்தத் தட்டு வேகல."

"டேப் கறுத்திருக்கே, பாருங்க" என்றாள் நர்ஸ், துணியில் ஒட்டியிருந்த பட்டையைக் காட்டி.

"டேப் கறுத்தா சூடு பட்டுச்சுன்னு அர்த்தம். கிருமி செத்துச்சுன்னு அர்த்தமில்ல. வெளியில கறுத்து உள்ள வேகாத எத்தனையோ இருக்கு."

மேசையில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "எனக்கு இன்னைக்கு ஆபரேஷன் உண்டா, இல்லையா?" என்று கேட்டார்.

"உண்டு சார். வேற தட்டுல" என்றாள் அவள்.

பெரிய இயந்திரத்தின் முதல் ஈடு இறங்கி, அந்த அறுவை தொடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நோயாளிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பதினாறு தட்டுகளும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. அவள் சின்ன இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிடியில் துணியைக் கட்டி, 'தொடாதே' என்று எழுதி மாட்டினாள். காரணம் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் தேய்ந்து, ஓர் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது. காற்று உள்ளே புகுந்தால் நீராவி எல்லா இடத்துக்கும் போகாது. அந்த ரப்பர் வேண்டும் என்று அவள் ஐந்து மாதத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றும் திரும்பி வந்திருந்தன. மூன்றிலும் தரப் பிரிவின் சிவப்பு முத்திரை: 'பழைய பதிப்பு. ஏற்க இயலாது.'

உதிரிபாகம் கேட்பதற்கான படிவம் பதினான்கு. அவள் எழுதியது மூன்றாவது பதிப்பில். மாற்றிவிட்டார்கள், இனி நான்காவது பதிப்பில்தான் எழுத வேண்டும். கடைசி முறை நான்காவது பதிப்பை வாங்கி வர அவளே மூன்றாவது மாடிக்குப் போயிருந்தாள்.

"நாலாவது பதிப்பு இன்னும் வரலக்கா. கமிட்டியில இருக்கு" என்றார் செக்லிஸ்ட் சார்.

"அப்போ மூணாவதுலயே வாங்கிக்குங்க."

"அதை வாபஸ் வாங்கியாச்சே."

"புதுசு வரல. பழசு செல்லாது. நடுவுல ஏதாவது உடைஞ்சா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. நடுவுல எதுவும் உடையாம பாத்துக்கறதுதான் தரம்."

அன்றைக்கு அவள் படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரோடு பேசிக்கொண்டே இறங்கியதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது பிழை அறிக்கையை உட்கார்ந்து எழுதினாள். என்ன நடந்தது: குப்பி மஞ்சள். என்ன செய்தோம்: பதினாறு தட்டும் திரும்பப் பெற்றோம், இயந்திரம் நிறுத்தம். மூலகாரணம் என்று ஒரு கட்டம். அதில், 'கதவு ரப்பர் தேய்ந்தது. மூன்று முறை கேட்டும் படிவத்தின் பதிப்பு பழையது என்று திருப்பப்பட்டது. புதிய பதிப்பு இதுவரை இல்லை' என்று எழுதி, மூன்று படிவங்களின் நகலையும் குத்தி அனுப்பினாள்.

மறுநாள் காலை செக்லிஸ்ட் சார் தானே இறங்கி வந்தார். அடித்தளத்துக்கு அவர் வருவது அபூர்வம். அங்கே வந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அக்கா, இன்னும் ஒன்பது நாள்ல ஆய்வுக் குழு வருது. தெரியுமில்ல?"

"பலகையில எழுதியிருக்கீங்களே. பாத்தேன்."

"இந்த அறிக்கை இப்படியே திறந்து கிடந்தா நல்லா இருக்காது. மூடணும். நானே தட்டச்சு பண்ணிட்டு வந்துட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

வாங்கிப் படித்தாள். மூலகாரணம்: ஊழியரின் கவனக்குறைவு. சீர்செய்த நடவடிக்கை: ஊழியருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது. நிலை: முடிந்தது.

"எந்த ஊழியர் சார்?"

"பேரெல்லாம் போடல பாருங்க. பொதுவா ஊழியர்."

"இந்த ரூம்ல ரெண்டே பேர். நானு, அந்த அண்ணன். அவர் வண்டி தள்றவர். மிச்சம் யாரு?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"மறுபயிற்சி குடுத்தாச்சுன்னு இருக்கே. யாரு குடுத்தது? என்ன குடுத்தது? ரப்பர் வெடிச்சா மூச்சைப் புடிச்சுக்கிட்டு கதவை அழுத்திக்கிட்டு நிக்கணும்னா?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. விதிப்படி வாரத்துக்கு ஒரு குப்பிதான? நீங்க தினமும் வெச்சதாலதான் மஞ்சளாச்சு. வெள்ளிக்கிழமை மட்டும் வெச்சிருந்தா இந்த அறிக்கையே வந்திருக்காது."

ஓரத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த வண்டிக்கார அண்ணன் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நாலு நாள், நாளுக்குப் பதினாறு தட்டு. கணக்கு நீங்களே போட்டுக்குங்க சார். எத்தனை வயித்தைத் திறந்திருப்பாங்கன்னு."

அவர் தலை குனிந்திருந்தது. தாழ்ந்த குரலில், "இயக்குநர் சொல்லிட்டாருக்கா. இது மூடாம ஆய்வுக்குப் போனா, உங்களைத் துணிக் கிடங்குக்கு மாத்தச் சொல்லி உத்தரவு அடிச்சு வெச்சிருக்கு. ஆய்வு முடிஞ்ச மறுநாள் தேதி போட்டு. நான் பாத்துட்டேன். அதான் ஓடி வந்தேன்" என்றார்.

துணிக் கிடங்கு என்றால் படுக்கை விரிப்பை எண்ணுவது. இருபத்தாறு வருட வேலையை மடித்து ஓர் அலமாரியில் வைப்பது. அதுகூடப் பரவாயில்லை, அந்தச் சின்ன இயந்திரத்தின் முன்னால் அடுத்து வந்து உட்காருகிறவர், துணியை அவிழ்த்துவிட்டு வாரத்துக்கு ஒரு குப்பி வைப்பார்.

"எப்ப வேணும் சார்?"

"ஆய்வுக்கு முந்தின நாள் வரைக்கும் பாப்பேன்."

தாளை மேசை இழுப்பறையில் போட்டாள். அவர் போனபின் இழுப்பறையிடம் நெடுநேரம் பேசினாள்.

சாயங்காலம் வீட்டில், கணவர் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று ஒரு வருடம். வீட்டில் இருக்கும் சுழலும் பொருள்கள் எல்லாம் அவரிடம் மாட்டிக்கொண்டிருந்தன. அவள் சொன்னதையெல்லாம் ஏணி மேல் நின்றபடியே கேட்டார்.

"கையெழுத்துப் போட்டுத் தொலையேன்மா. ரெண்டு வருஷத்துல உனக்கும் ஓய்வு. எதுக்கு வம்பு?"

"நீங்க போட்டிருப்பீங்களா?"

"நானா?" ஒரு இறக்கையைத் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார். "ஒரு அடுக்குமாடி வீட்டுல கேபிள்ல பிரி விட்டிருந்துச்சு. லிஃப்டை நிறுத்திட்டு வந்தேன். மூணாவது மாடிக்காரர் போன் பண்ணி என் அப்பா வரைக்கும் இழுத்தாரு. ஓடவிடல."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன் போடுன்னு சொல்றீங்க?"

"நீ போடமாட்டேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். பின்னால, 'வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லலையே'ன்னு நீயே என்னைத் திட்டக் கூடாதுல்ல."

"இறங்குங்க கீழ. விசிறியைத் துடைக்கறேன்னு என் தலையில தூசியைக் கொட்டறீங்க."

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள், "அம்மா திட்ட ஆரம்பிச்சாச்சு. இனிமே சாப்பாடு கிடைக்கும்" என்றாள்.

எட்டு நாட்கள் பெரிய இயந்திரத்தை வைத்தே ஓட்டினாள். ஐந்து ஈடு ஏழாயிற்று. தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நின்றாள். பெரிய டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பி, சின்னது எப்போது ஓடும் என்று கேட்டார். "ரப்பர் வந்தா ஓடும். ரப்பர் எப்ப வரும்னு மூணாவது மாடியில கேளுங்க. அவங்க கமிட்டியில கேப்பாங்க. கமிட்டி எப்ப கூடும்னு யாரையாவது கேக்கணும். அந்த யாராவது யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள். இரண்டாவது முறை வந்தவர் பாதியிலேயே போய்விட்டார்.

மேல் மாடிகளில் கல்யாண வீடு போல இருந்தது. சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு வருடத்துத் தாள்களை ஒரே பேனாவால் உட்கார்ந்து நிரப்பினார்கள். கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதே என்று யாருக்கோ தோன்றி, பாதியில் பேனாவை மாற்றினார்கள்.

ஆய்வுக்கு முந்தின நாள் செக்லிஸ்ட் சார் வந்தபோது, தாள் இழுப்பறையில் போட்டபடியே இருந்தது. அவள் எடுத்து நீட்டினாள். கையெழுத்து இல்லை.

"யோசிச்சீங்களா அக்கா?"

"யோசிச்சேன். மூலகாரணத்தை மாத்திக் குடுங்க, இப்பவே போடறேன்."

"நான் மாத்தினா நான் போயிடுவேன்."

"தெரியும் சார். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. எரிச்சல்தான்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது அட்டையில் எதையும் டிக் அடிக்கவில்லை.

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். முதல் நாள் முழுதும் மேல் மாடிகளில் சுற்றினார்கள். அடித்தளம் வழித்தடத்திலேயே இல்லை. அங்கே பராமரிப்பு வேலை நடப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு, குழுவில் இருந்த அம்மா ஒருவர் தனியாகப் படியிறங்கி வந்தார். கட்டையான உருவம், காலில் தட்டையான செருப்பு. பின்னாலேயே செக்லிஸ்ட் சார் ஓடி வந்தார்.

"மேடம், இங்க வேலை நடக்குது..."

"வேலை நடக்கற இடத்தைப் பாக்கத்தான வந்தேன்" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் உக்காரலாமாம்மா? மேல எல்லா நாற்காலியும் புதுசு. உக்காந்தா வழுக்குது."

உட்கார்ந்தார். பச்சைப் பேரேட்டைக் கேட்டார். ஏதோ ஒரு தேதியைச் சொல்லி, அன்று பிரசவ அறைக்குப் போன தட்டு எது என்று கேட்டார். அவள் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள். இன்னொரு தேதி. இன்னொரு விரல். பிறகு அந்த அம்மாவின் கண் துணி கட்டிய கைப்பிடிக்குப் போனது.

"அது ஏன் கட்டிப் போட்டிருக்கு?"

செக்லிஸ்ட் சார் வாயைத் திறந்தார். குக்கர் அக்கா அதற்குள் பிழை அறிக்கையின் நகலையும் சிவப்பு முத்திரை குத்திய மூன்று படிவங்களையும் மேசையில் வைத்திருந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் எழுதியிருந்தது.

அந்த அம்மா நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "நாலாவது பதிப்பைக் காட்டுங்க" என்றார்.

"கமிட்டியில இருக்கு மேடம்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்... அஞ்சு மாசமா."

"அதுவரைக்கும் இந்த ஆஸ்பத்திரியில யாரும் எந்த உதிரிபாகமும் கேக்கலையா?"

செக்லிஸ்ட் சாரின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இந்த முறை அவர் அதைத் துடைக்கவில்லை.

"கேட்டாங்க மேடம். நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்றார்.

குக்கர் அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பா எடுத்துக்காதீங்க' இல்லாமல், 'நான்தான்' என்று ஒரு வாக்கியம் வந்ததை அன்றுதான் கேட்டாள்.

குழு இரண்டு குறிப்புகள் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒன்று, படிவங்களைப் பற்றி. மற்றொன்று, பதினெட்டுப் பிரிவுகளில் ஒரு வருடமாக ஒரு பிழைகூட நடக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை, அடித்தளத்துப் பிரிவின் பதிவேடு மட்டுமே நம்பும்படி இருக்கிறது என்று. சான்றிதழ் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. குறிப்பில் அவள் பிரிவைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டதால், தேதி போட்டு வைத்த உத்தரவை இயக்குநரால் வெளியே எடுக்க முடியவில்லை. கிழித்ததாகவும் யாரும் சொல்லவில்லை. செக்லிஸ்ட் சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனது, வேலை போகவில்லை.

ஐந்து மாதமாக வராத ரப்பர், குழுவின் கார் வாசலைத் தாண்டிய இரண்டு மணி நேரத்தில் வந்தது. படிவம் பதினான்கை யாரும் கேட்கவில்லை. ஸ்டோர்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து போடுங்கக்கா. படிவம் பதினஞ்சு."

"எத்தனாவது பதிப்பு?"

ஸ்டோர்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போடலையேக்கா."

"அப்போ நல்ல படிவம். குடுங்க."

ரப்பரை மாட்டினார்கள். முதல் மூன்று நாள் வெறும் துணியை வேகவைத்துக் குப்பி பார்த்தாள். மூன்றும் ஊதா. நான்காம் நாள்தான் கைப்பிடியில் கட்டிய துணியை அவிழ்த்தாள்.

அத்தோடு நிம்மதி என்று நினைத்தால், அடுத்த திங்கட்கிழமை இயக்குநரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு பிரிவும் மாதம் குறைந்தது மூன்று பிழை அறிக்கைகள் தர வேண்டும். தராத பிரிவுக்குப் பலகையில் சிவப்பு வட்டம்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். வண்டிக்கார அண்ணனிடம் கொடுத்தாள். அவரும் படித்துவிட்டு, "அப்போ இவ்வளவு நாளா நம்மதான் முன்கூட்டியே எழுதிட்டு இருந்தோமாக்கா?" என்றார்.

மாதக் கடைசியில், இரண்டாவது மாடி வார்டின் பொறுப்பு நர்ஸ் படியிறங்கி வந்தாள். கையில் மூன்று வெற்றுப் படிவங்கள். நல்ல வேலைக்காரி. நோயாளி கூப்பிடுவதற்கு முன்னால் போய் நிற்பவள்.

"அக்கா, ஒரு உதவி. ரெண்டு தப்பு கடன் குடுங்களேன்."

"என்ன குடுக்கணும்?"

"பிழைக்கா. மூணு எழுதணுமாம். ஒண்ணு யோசிச்சுட்டேன், தரையில தண்ணி சிந்தியிருந்துச்சுன்னு. மிச்சம் ரெண்டு தோணல. உங்ககிட்ட நிறைய இருக்குமேன்னு..."

"ஏம்மா, நான் என்ன தப்புக்கடையா வெச்சிருக்கேன்? கிலோ கணக்குல நிறுத்துக் குடுக்க?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க வார்டுல நிஜமாவே ஒண்ணும் இல்ல."

குக்கர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரிய இயந்திரத்தில் ஈடு இறங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவளோடு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். வார்டில் மருந்துக் குளிர்பெட்டி இருந்தது. கதவில் தாள் ஒட்டியிருந்தது. நாளுக்கு மூன்று முறை பார்த்து எழுத வேண்டிய வெப்பநிலை. மாதம் முழுக்க நான்கு, நான்கு, நான்கு. உள்ளேயிருந்த வெப்பமானியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். திரை வெறுமையாக இருந்தது.

"இதுல பேட்டரி எங்க?"

நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அது தீந்து ரொம்ப நாளாச்சுக்கா. கேட்டு எழுதினோம், பழைய பதிப்புன்னு வந்துருச்சு" என்றாள்.

"அப்போ இந்த நாலு?"

"எல்லா வார்டுலயும் நாலுதானக்கா எழுதுவோம்."

"நீயே சொல்லிட்ட. இதுதான் உன் ரெண்டாவது. எழுது."

நர்ஸின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ, இதை எழுதினா நிஜமாவே மாட்டிக்குவேன். வேற ஏதாவது, சின்னதா, யாருக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரி ஒண்ணு சொல்லுங்கக்கா."

குக்கர் அக்கா வெப்பமானியை மேசையில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்காராமல், அந்தப் பெண்ணை உட்கார வைத்தாள். படிவத்தை எதிரில் வைத்தாள். எந்த மருந்துகள் உள்ளே இருக்கின்றன, எத்தனை நாளாக என்று அவளே கேட்டுக் கேட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தாள். அந்த மருந்துகளை எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வெளியே வைத்து, 'தொடாதே' என்று எழுதினாள். மூலகாரணக் கட்டம் வந்தபோது நர்ஸ் நிமிர்ந்தாள்.

"இதுல என்னக்கா போடறது?"

"நடந்தது."

"கூப்பிட்டுக் கேட்டா?"

"கேப்பாங்க. என்னைக் கூப்பிடு, நானும் வரேன். எப்படியும் அவங்ககிட்ட எனக்குப் பேச வேண்டியது பாக்கி இருக்கு."

நர்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றினாள். தேதியை எழுதினாள். அதற்கு அப்புறம் வெகுநேரம் பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது. அடித்தளத்தில் பெரிய இயந்திரத்தின் ஈடு வெந்துவிட்டதற்கான மணிச் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. குக்கர் அக்கா படிக்கட்டைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள்.

"சீக்கிரம் எழுதித் தொலைம்மா. எனக்கு அடுத்த ஈடு ஏத்தணும்."